கொலோனியல் வீடு பார்க்கப் போகும் பிள்ளைகளும் பெற்றோரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் மூன்றாம் வகுப்பில் மாநில வரலாறு, ஐந்தாம் வகுப்பில் நாட்டு வரலாறு. இரண்டிலும் கொலோனியல் காலம் வரும். அந்தப் பாடம் தொடங்கியதும் ‘முடிந்தால் பிள்ளையை ஒரு பழைய வீட்டு மியூசியத்துக்குக் கூட்டிப்போங்கள்’ என்று பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வரும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பெற்றோர் நடுவே, இரண்டு பிள்ளைகளை இந்தப் பாடத்திலிருந்து கரையேற்றியவள் என்ற ஒரே தகுதியில், கேள்விகள் எல்லாம் எனக்கு வருகின்றன. ஒரே பதிலை ஒவ்வொரு வருஷமும் புதிதாகத் தட்டச்சு செய்ய அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

‘கொலோனியல்’ என்றால் வெள்ளைக்காரன் காலம்தானே? பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது?

அதேதான், ஆனால் அதே இல்லை. காலனி ஆட்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கலெக்டர், கப்பம், கட்டபொம்மன், உப்பு சத்தியாகிரகம். இங்கே பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு மெழுகுவத்தி, வெண்ணெய், வெள்ளைத் துணித்தொப்பி என்று அர்த்தம். 1607இல் ஜேம்ஸ்டவுனிலும் 1620இல் பிளிமத்திலும் ஆங்கிலேயர் குடியேறியதிலிருந்து 1776 சுதந்திர அறிவிப்பு வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராஜா லண்டனில் இருந்தார். இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்களும் அவருடைய ஆட்கள்தான், கடைசியில் அவருக்கு வரி கட்ட மாட்டோம் என்று சண்டைக்குப் போனவர்களும் அவர்கள்தான்.

நம் ஊரில் ஆள வந்தவர்கள் ஆண்டு முடித்துக் கப்பலேறிப் போனார்கள். இங்கே வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். என் மகளுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: “கம்பெனிக்காரன் பெண்டாட்டி பிள்ளை, கோழி, ஏர் எல்லாவற்றோடும் வந்து முசிறியில் ஆத்தங்கரை நிலத்தையெல்லாம் வளைத்துப்போட்டு, முந்நூறு வருஷம் கழித்து ‘இது எங்க தாத்தா ஊரு’ என்று போர்டு வைத்தால் எப்படி இருக்கும்?” அவள் கேட்டாள்: “அப்போ நம்ம தாத்தா எங்கே போவார்?” இந்தப் பாடத்துக்குத் தேவையான கேள்வி அதுதான். பள்ளிச் சீட்டில் அது இருக்காது.

எந்த வயதில் கூட்டிப்போகலாம்?

ஏழு, எட்டு வயது சரி. அதற்கும் கீழே என்றால், வாசலில் கயிறு கட்டிய அறையை முக்கால் மணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டு, நூறு தடவை “தொடாதே” கேட்டுவிட்டு, அழுதுகொண்டே வெளியே வரும். சின்னதுகளுக்குப் பிளிமத் பட்டுக்ஸெட் மியூசியம் நல்லது. திறந்தவெளி, ஆடு கோழி உண்டு. ஆனால் அங்கே ஆங்கிலேயர் ஊராகக் காட்டும் வீடுகள் பழைய வீடுகள் அல்ல, 1620களின் குடியிருப்பைப் போல இப்போது கட்டியவை. அங்கே வேஷம் கட்டி நிற்பவர்கள் அந்தக் காலத்து ஆட்களாகவே பேசுவார்கள். கைப்பேசியைக் காட்டினால் “அது என்ன கண்ணாடி?” என்கிற மாதிரிதான் பதில் வரும். சில பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், சிலதுகள் பயந்து அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் எந்த வீடு?

பாஸ்டன் நார்த் எண்டில் பால் ரிவியரின் வீடு. சின்னது, ஊருக்கு நடுவே இருக்கிறது, நாலு அறைதான். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டுக்குள் நுழைந்ததும் ‘இவ்வளவுதானா!’ என்று தோன்றுமே, அதே உணர்வு இங்கும் வரும்.

பள்ளியில் ரிவியர் என்றால் குதிரை. 1775 ஏப்ரல் 18 இரவு, ராஜாவின் ராணுவம் வருகிறது என்று லெக்ஸிங்டன் வரை போய்த் தகவல் சொன்னவர். வீட்டுக்குள்ளே போனால் அந்தக் குதிரைக்காரர் மறைந்து, ஒரு வெள்ளித் தட்டான் வெளியே வருவார். முதல் மனைவி சாராவுக்கு எட்டுப் பிள்ளைகள். அவர் 1773இல் இறந்த பிறகு கட்டிய ரேச்சலுக்கு எட்டு. பதினாறில் ஐந்து கைக்குழந்தையாகவே போய்விட்டன. கூடவே ரிவியரின் அம்மா. இத்தனை பேரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கவில்லை, சரி. ஆனாலும் மாடி அறையில் நின்று உங்கள் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: யார் எங்கே படுத்தார்கள்? கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு கட்டில் இழுத்துப் போடுவார்கள். தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுத்த கூட்டுக்குடும்பம் நம் தாத்தா காலம் வரை இருந்ததுதானே. சொந்த அறை இல்லாமல் தூங்கவே முடியாது என்கிற இந்த ஊர்ப் பிள்ளைக்குத்தான் அது அதிர்ச்சி.

வீடு ரிவியருக்கும் மூத்தது. 1680 வாக்கில் ராபர்ட் ஹோவர்ட் என்ற வியாபாரிக்காகக் கட்டியது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த பாதிரியார் வீடு 1676 தீயில் போனது. ரிவியர் 1770இல் வாங்கி 1800இல் விற்றார். அப்புறம் அது வாடகை விடுதியானது. கீழே மிட்டாய்க் கடை, சுருட்டுக் கம்பெனி, காய்கறிக் கடை என்று என்னென்னவோ. இடிக்கப்போகிறார்கள் என்ற நிலையில் 1902இல் ரிவியரின் கொள்ளுப்பேரன் ஒருவர் வாங்கிக் காப்பாற்றினார். 1908இல் மியூசியமாகத் திறந்தார்கள். பழுதுபார்க்கும்போது இடையில் சேர்ந்திருந்த மூன்றாம் மாடியைக் கழற்றிவிட்டு, 1700 வாக்கில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது நாம் பார்ப்பது ரிவியர் குடியேறிய நாளில் இருந்த வீடு அல்ல, அதற்கும் எழுபது வருஷம் முந்தைய முகம். பெரிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பழைய வீடு என்பது கிடைத்தபடி இருப்பதல்ல, எந்த வருஷத்தைக் காட்டுவது என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்தது என்பது அவர்களுக்குப் புரிகிற வயதுதான்.

இன்னும் பழசு வேண்டும் என்கிறவர்கள் டெடமில் உள்ள ஃபேர்பாங்க்ஸ் வீட்டுக்குப் போகலாம். மரவளையத்தை எண்ணிப் பார்த்து, உத்தரத்து மரங்கள் 1637 முதல் 1641க்குள் வெட்டியவை என்று சொல்லியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் நிற்கிற மரச்சட்ட வீடுகளில் மூத்தது. ஒரே குடும்பம் எட்டுத் தலைமுறை அங்கே இருந்திருக்கிறது.

ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். அவருக்குப் போரடிக்குமா?

கட்டாயம் கூட்டிப்போங்கள். நான் பார்த்ததில் இந்த வீடுகளின் சமையலறையில் கைடையே திணறடிப்பவர்கள் நம் பாட்டிகள்தான்.

என் அம்மாவோடு போன கதையைச் சொல்கிறேன். எந்த வீடு என்பது வேண்டாம். கைடு ஒரு நீளக் கம்பை எடுத்து “இது என்ன, யாராவது சொல்ல முடியுமா?” என்றார். பிள்ளைகள் துடைப்பம், ஆயுதம் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருக்க, அம்மா பின்னாலிருந்து “மத்து” என்றார். நம் மத்து சுழலும், இது மேலும் கீழும் குத்தும். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்து இரண்டு கையும் வளைந்து வாய் மட்டும் கத்தியான ஒரு இரும்புச் சாமான். “பாக்குவெட்டி!” சர்க்கரை அப்போது கூம்புக் கட்டியாக வந்ததாம், அதை உடைக்கிற கருவி அது. அச்சு அசல் பாக்குவெட்டிதான். இராட்டை அவருக்குப் பழக்கம். மூன்று கால் இரும்புச் சட்டியில் மூடி மேலும் தணலைப் போட்டு வேகவைப்பதைக் காட்டியபோது “தம் போடுறாங்க” என்று முடித்துவிட்டார். செங்கல் அடுப்பில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். அடுப்புக்குள்ளேயே விறகை எரித்து, சூடேறியதும் சாம்பலை வழித்துவிட்டு, வெறும் கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்த்து, அப்புறம் ரொட்டியை வைப்பார்கள்.

அதன் பிறகு அம்மா கேட்டதுதான் விஷயம். “இவ்வளவு பெரிய வீட்டுக்கு இவ்வளவு வேலையையும் யார் பண்ணுனாங்க? அந்தம்மா ஒருத்தியா?” மகள் மொழிபெயர்த்தாள். வேலைக்காரர்கள் இருந்தார்கள் என்றார் கைடு. மகள் விடவில்லை: “அவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?” கைடு கொஞ்சம் இழுத்து, அவர்களில் சிலர் அடிமைகள், சம்பளம் கிடையாது என்றார். அதுவரை அரை மணி நேரம் அவர் வாயில் அந்தச் சொல் வரவேயில்லை.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே வேலை கொடுத்திருக்கிறேன். முன்வாசல் கூடத்தில் கொஞ்ச நேரம், பின்படிக்கட்டில் நிறைய நேரம். தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தூக்கினார்கள், ராத்திரி மூத்திரச் சட்டியை யார் கொட்டினார்கள், அந்த ஆள் எங்கே தூங்கினார்?

அடிமை முறையைப் பற்றி எட்டு வயதுப் பிள்ளையிடம் பேசலாமா?

பேசலாம். பேசாமல் வீட்டை மட்டும் காட்டினால்தான் தப்பு. அடிமை முறை தெற்கு மாநிலங்களின் விஷயம், நம் பக்கம் எல்லாம் நல்லவர்கள் என்று இங்கே பெரியவர்களே நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாசச்சூசெட்ஸ் 1641இலேயே அதற்குச் சட்டத்தில் இடம் கொடுத்த காலனி.

இதற்கு மெட்ஃபர்டில் உள்ள ராயல் வீட்டுக்குப் போங்கள். ‘ராயல் வீடும் அடிமைக் குடியிருப்பும்’ என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். ஆன்டிகுவாத் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஐசக் ராயல் 1737இல் குடும்பத்தோடு இங்கே வந்தார். கூடவே 27 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார். பிற்பாடு அந்த எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. பெரிய வீட்டில் சித்திரவேலை செய்த மரப்பலகைச் சுவர். முற்றத்தைக் கடந்தால் அவர்கள் இருந்த கட்டடம். வட மாநிலங்களில் இப்படித் தனிக் கட்டடமாக நிற்கிற அடிமைக் குடியிருப்பு இது ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பிள்ளையைக் காலடி வைத்து அளக்கச் சொல்லுங்கள். என் மகன் எண்ணிவிட்டு, “கூப்பிட்டால் கேட்கிற தூரம்” என்றான்.

அங்கே பிள்ளைகள் மறக்காத ஆள் பெலிண்டா. சின்ன வயதில் ஆப்பிரிக்காவில் பிடிபட்டவர், ராயல் குடும்பத்தில் ஆண்டாண்டு காலம் உழைத்தவர். ராஜாவை எதிர்த்துப் புரட்சி வந்ததும் மகன் ஐசக் ராயல் ஆங்கிலேயர் பக்கம் ஓடிவிட்டார். 1783இல் பெலிண்டா மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார். என் உழைப்பில் சேர்ந்த சொத்து அது, அதிலிருந்து எனக்கும் நோயாளி மகளுக்கும் ஜீவனாம்சம் வேண்டும் என்பது மனுவின் சாரம். வருஷத்துக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் என்று தீர்ப்பாயிற்று. வழக்கம்போலப் பணம் ஒழுங்காக வரவில்லை, பெலிண்டா திரும்பத் திரும்ப மனுப் போட்டார். தாலுகா ஆபீஸ் பென்ஷனுக்கு அலைந்த யாரையாவது உங்கள் குடும்பத்தில் தெரியும் என்றால், இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

அதே ராயல் எழுதிவைத்த சொத்தில்தான் ஹார்வர்டின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி உருவானது. அந்தக் குடும்பத்தின் கோதுமைக் கதிர்க்கட்டுகள் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி முத்திரையில் இருந்தன. மாணவர்கள் போராடி, 2016இல் எடுத்துவிட்டார்கள்.

மேற்குப் பக்கம் போகிறவர்கள் ஷெஃபீல்டில் உள்ள ஜான் ஆஷ்லி வீட்டையும் பாருங்கள். ஆஷ்லி ஊர்ப் பெரிய மனிதர், நீதிபதி. மனிதர் எல்லாரும் சமம், சுதந்திரமானவர்கள் என்று 1773இல் ஷெஃபீல்டு ஊர்க்காரர்கள் ஒரு தீர்மானம் எழுதினார்கள், அது எழுதப்பட்டது அந்த வீட்டு மாடி அறையில். கீழே வேலை செய்த பெட் என்ற அடிமைப் பெண் 1781இல் வழக்குப் போட்டு, ஆஷ்லியிடமிருந்தே விடுதலை வாங்கினார். பின்னால் எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரி காய்ச்சிய இரும்புக் கரண்டியால் இன்னொரு பெண்ணை அடிக்க ஓங்கியபோது இவர் கையை நீட்டித் தாங்கினார், அந்தத் தழும்பை மூடி மறைக்காமலே வாழ்ந்தார் என்று சொல்வார்கள். இது போன்ற வழக்குகள் சேர்ந்துதான் 1783இல் இந்த மாநிலத்தில் அடிமை முறை நின்றது.

அதிகம் விவரிக்க வேண்டாம். பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். இன்னொன்று, வீட்டுக்குத் திரும்பும் வழியில் “நம்ம ஊரில் இப்படி இருந்ததா?” என்று கேட்கும். பண்ணையாள், பின்வாசல், தனிக்குவளை எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. அந்தக் கேள்விக்குத் தயாராகாமல் காரில் ஏறாதீர்கள். நான் ஏறினேன். மாட்டிக்கொண்டேன்.

அப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா?

போனார்கள், நம் பிள்ளைகள் அளவுக்கு இல்லை. 1647 சட்டப்படி மாசச்சூசெட்ஸில் ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஒரு வாத்தியாரை வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. கையில் ‘கொம்புப் பலகை’ இருக்கும். கைப்பிடி வைத்த சின்ன மரப்பலகை, அதில் அரிச்சுவடியும் ஜெபமும் எழுதிய தாள், தாள் கிழியாமல் இருக்க மேலே கண்ணாடி போல் மெல்லிதாகச் சீவிய மாட்டுக்கொம்பு. மியூசியக் கடையில் பொம்மைக் கொம்புப் பலகை விற்கும். வாங்கிக் கொடுத்தால் பிள்ளை அதை ஐபேட் என்பான்.

பெண்பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதுவதை நிறையப் பேருக்கு விட்டுவிட்டார்கள். பைபிள் படித்தால் போதும், கணக்கு எழுதப் போகிறாளா என்ன? அவர்கள் எழுத்துகளைத் துணியில் ஊசியால் தைத்துப் பழகினார்கள். பல வீடுகளில் அந்தத் துணி கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும், தைத்தவளின் பெயரும் வயதும் ஓரத்தில் இருக்கும். எட்டு வயது, ஒன்பது வயது. உங்கள் மகளை அதன் முன்னால் நிறுத்துங்கள், நீங்கள் பேச வேண்டியதில்லை.

வர்ஜீனியா வரை கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு: வில்லியம்ஸ்பர்கில் 1760 முதல் 1774 வரை கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். ஆன் வேகர் என்ற ஒரே ஆசிரியை. அந்தக் கட்டடம் தொலைந்துபோனது என்று நினைத்திருந்தார்கள். கல்லூரி வளாகத்தில் வேறு வேஷத்தில் நின்றிருந்ததைக் கண்டுபிடித்து, 2023இல் வீட்டை அப்படியே வண்டியில் ஏற்றிப் பழைய ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

பள்ளியில் ‘கொலோனியல் டே’ வைத்திருக்கிறார்கள். உடுப்புக்கு என்ன செய்வது?

இணையத்தில் நாற்பது டாலர் கொடுக்காதீர்கள். பெண்பிள்ளைக்கு ஊரிலிருந்து வந்த பருத்திப் பாவாடை (பட்டு வேண்டாம்), வெள்ளை ஏப்ரன், தலையில் வட்டமாக வெட்டி நாடா கோத்த துணி. பையனுக்கு முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறைக்குள் பேண்ட்டைச் சொருகிவிடுங்கள், ஆயிற்று. அந்தக் காலத்தில் நாலு வயதோ ஏழு வயதோ ஆகும்வரை பையன்களும் நீளக் கவுன்தான் போட்டார்கள் என்று சொல்லிப்பாருங்கள். அதற்கப்புறம் எந்தப் பையனும் காலுறையைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டான்.

கைடு சொல்வதெல்லாம் உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஆனால் எல்லா ஊர்க் கோயில் வழிகாட்டிகளையும் போல இங்கேயும் சில கதைகள் பரம்பரையாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு வீட்டில் ஒரு அம்மையார், பிரசவத்துக்கு அடுத்தபடியாக அக்காலப் பெண்கள் அதிகம் செத்தது அடுப்பில் பாவாடை தீப்பிடித்துத்தான் என்று நடித்தே காட்டினார். மகள் இரண்டு நாள் கேஸ் அடுப்புப் பக்கம் வரவில்லை. தீ விபத்துகள் இருந்தன, ஆனால் ஆட்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் நோய்தான். கம்பளியும் லினனும் அப்படிக் குப்பென்று பற்றாது.

கட்டில் குட்டை, ஆட்கள் குள்ளம் என்பது இன்னொன்று. புரட்சிக்காலப் படைவீரர்களில் இங்கே பிறந்தவர்களின் சராசரி உயரம் சுமார் 5 அடி 8 அங்குலம். என் வீட்டுக்காரரை விட அதிகம். கட்டில் குட்டையாகத் தெரிவது கனத்த மெத்தையாலும் உயர்ந்த கால்களாலும். அலமாரி அறைக்கு வரி போட்டதால் யாரும் அலமாரி வைக்கவில்லை என்பார்கள். அப்படி ஒரு வரியே கிடையாது. துணியைப் பெட்டியில் மடித்து வைத்தார்கள், அவ்வளவுதான், நம் வீட்டு டிரங்குப் பெட்டி மாதிரி. கயிற்றுக் கட்டிலை முறுக்கி இறுக்கியதால்தான் ‘ஸ்லீப் டைட்’ என்ற சொல் வந்தது என்பதும் கட்டுக்கதை. கயிறு முறுக்கும் கட்டை மட்டும் நிஜம், கேட்டால் காட்டுவார்கள்.

பிள்ளை முன்னால் கைடோடு வாதாடாதீர்கள். வெளியே வந்து “இது எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டிருக்கலாமோ?” என்று மெதுவாகப் போடுங்கள். அடுத்த வீட்டில் பிள்ளையே கேட்டுவிடும். நல்ல கைடுகளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

வீடு கட்டுவதற்கு முன் அந்த மண்ணில் இருந்தவர்களைப் பற்றி எங்கே தெரிந்துகொள்வது?

வீட்டு மியூசியங்கள் இதில் சுமார்தான். ஒரு பலகை, ஒரு பத்தி. மாசச்சூசெட் என்பதே ஒரு இனக்குழுவின் பெயர் என்பதிலிருந்து தொடங்கலாம். பிளிமத்தில் வம்பனோக் மக்கள் பகுதி இருக்கிறது. அங்கே நிற்பவர்கள் பூர்வகுடிகள், வேஷமல்ல, இந்தக் காலத்து ஆட்களாகவே பேசுவார்கள். 1620இல் வந்த கப்பல்காரர்கள் காலியாகக் கிடந்த ஊரில்தான் குடியேறினார்கள். அந்தப் பட்டுக்ஸெட் ஊரை அதற்குச் சில வருஷம் முன்புதான் கொள்ளைநோய் துடைத்துப் போட்டிருந்தது. 2020இல் மியூசியமே அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

இதிலெல்லாம் நமக்கு என்ன சம்பந்தம் என்று பிள்ளை கேட்கிறான்.

நல்ல சம்பந்தமாக நாலு சொல்கிறேன். பணக்காரக் கொலோனியல் வீட்டுப் படுக்கையறையில் பூக்கொடி ஓடும் சீட்டித்துணி விரிப்பு இருந்தால் நின்று பாருங்கள். சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயம் ஏற்றிய துணிகள் இந்தக் காலனிகள் வரை வந்தன. 1700இலும் 1721இலும் இங்கிலாந்து தன் நெசவாளர்களைக் காப்பாற்ற உள்ளூரில் அந்தத் துணிக்குத் தடை போட்டது. காலனிகளுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடை இல்லை.

யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். 1687 முதல் 1692 வரை மதராஸ் கோட்டைக்கு கவர்னர். சம்பாத்தியம் எல்லாம் அங்கே, அடிமை வணிகத்தை மேற்பார்த்ததும் அங்கே. அவருடைய பிஞ்சு மகனைப் புதைத்தது சென்னையில், பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமான இடத்தில். இங்கே யார்க்டவுனில் 1781இல் தோற்றுச் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ்தான் 1792இல் திப்புவிடமிருந்து இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கியவர். அவர் சிலை இன்றும் சென்னைக் கோட்டை மியூசியத்தில் நிற்கிறது, பீடத்தில் அந்தப் பையன்களை ஒப்படைக்கும் காட்சி செதுக்கியிருக்கும். அடுத்த கோடை லீவில் காட்டுங்கள்.

பாஸ்டன் துறைமுகத்தில் 1773இல் வரியை எதிர்த்துக் கடலில் கொட்டிய தேயிலை மட்டும் நம்முடையது இல்லை. கம்பெனி நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிதான், தேயிலை சீனாவுடையது. மாமா ஒருவர் நீலகிரித் தேயிலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார், அதைத் திருத்த எனக்கு ஒரு மாதமாயிற்று.

ஆட்கள்? 1635ஆம் ஆண்டு வர்ஜீனியாப் பதிவில் டோனி என்ற ஒரு ‘கிழக்கிந்தியர்’ இருக்கிறார். சேலத்தில் (நம் சேலம் அல்ல, பாஸ்டனுக்கு வடக்கே உள்ளது) வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார், 1790 டிசம்பரில் மதராஸிலிருந்து வந்த ஒருவரைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த மதராஸ்காரர் பென்ட்லியைப் பற்றி என்ன நினைத்தாரோ, அதை எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

தள்ளுவண்டி, கழிவறை, சாப்பாடு?

தள்ளுவண்டி உள்ளே போகாது, படிக்கட்டு ஏணி மாதிரி. கழிவறை பல சின்ன வீடுகளில் கிடையாது, கிளம்புமுன் முடித்துவிடுங்கள். சூடேற்ற வசதி இல்லாத வீடுகள் குளிர்காலத்தில் மூடிவிடும், நாள் பார்த்துப் போங்கள். பொட்டலம் பிரிக்க வெளியே புல்வெளி உண்டு.

வீட்டுக்கு வந்து என்ன செய்யலாம்?

மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவு ஹெவி க்ரீம், ஒரு சிட்டிகை உப்பு. பத்துப் பதினைந்து நிமிஷம் குலுக்கினால் வெண்ணெய் திரளும். முதல் ஐந்து நிமிஷம் பிள்ளைகள் சண்டை போட்டுப் பாட்டிலைப் பிடுங்குவார்கள், அப்புறம் யாருக்கும் வேண்டாம், நீங்கள்தான் குலுக்க வேண்டும். யார் வேலை செய்தது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கிளறினால் அவர்களுடைய தினசரிக் கூழ். அவர்கள் பாகு ஊற்றிச் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் மோர்மிளகாய் வைத்துக்கொண்டோம்.

டிக்கெட் செலவு?

உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் மியூசியப் பாஸ் கேளுங்கள். இங்கே நிறைய நூலகங்கள் தருகின்றன. இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ போய்வரலாம். பள்ளிச் சீட்டு வந்த வாரத்தில் எல்லாப் பெற்றோரும் அதையே கேட்பார்கள், ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். சில பாஸ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னுடையது ஒன்று குளிர்கோட்டுப் பையிலேயே இருந்து, மார்ச் மாதம் அபராதத்தோடு போனது.